கால் பூரா சேறு

மும்பை சயான் ஸ்டேஷன் நடைபாலத்தின் நடுவில், தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், அலுவலகக் கூட்டம் நெரியும் காலை நேரத்தில், மாசானத்தின் இரண்டு கால்களிலும் கணுக்கால்வரை வயல் சேறு ஏறியது. மழை கிடையாது. பாலத்தில் குழாய் எதுவும் உடையவில்லை. சேறு கறுப்பாக, குளிர்ச்சியாக, நெல்தாள் அழுகிய வாடையோடு இருந்தது. செருப்பை உதறினார்; மறுபடி ஏறியது. பின்னால் வந்த பெண்மணி ஒருத்தி, "அரே, தேக் கே சலோ!" என்று, பார்த்து நடக்கச் சொல்லி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனாள். மாசானத்தின் கையில் மொபைல் இன்னும் சூடாக இருந்தது. அதில் அவர் அப்போதுதான் ஒரு பொய் சொல்லி முடித்திருந்தார்.

பொய் ஒன்றும் புதிதல்ல. மும்பையில் மொபைல் வைத்திருக்கும் எல்லோரும் தினமும் சொல்வதுதான். தாராவியில் எங்கள் சந்தில் செருப்புக் கடை வைத்திருக்கும் நாகராஜ், வாயில் பிரஷ் இருக்க, "தாணே தாண்டிட்டேன், அஞ்சு நிமிஷம்" என்று சொல்லக் கேட்டவர்கள் நாங்கள். அதற்கெல்லாம் அவர் காலில் ஒரு துளி தூசி ஒட்டியதில்லை. மாசானத்துக்கு வந்தது ஊர்ப்பக்கத்து நம்பர். "ஆலடிக்கால் வயல்ல யார் பயிர் வைக்கது?" என்று ஒரு ஆண்குரல் கேட்டதும் அவர் நடுப்பாலத்தில் நின்றுவிட்டார். அந்த வயலின் பேரில்தான் நாலு மாதத்துக்கு ஒருதரம் அவர் கணக்கில், விவசாயிகளுக்குச் சர்க்கார் கொடுக்கும் கிசான் பணம் இரண்டாயிரம் விழுந்துகொண்டிருந்தது. ஆள் பம்பாயில் இருப்பது தெரிந்தால் பணத்தை நிறுத்துவதோடு, கொடுத்ததையும் பிடுங்கிக்கொள்வார்கள் என்று நாகராஜ் சொல்லிவைத்திருந்தார். அப்படி ஒரு விதி உண்டா என்று நாகராஜும் விசாரிக்கவில்லை, மாசானமும் விசாரிக்கவில்லை. ஆகவே மாசானம் ரயில் சத்தம் கேட்காதபடி மொபைலைக் கையால் பொத்திக்கொண்டு, "நான்தான் சார் பயிர் வைக்கேன். இப்பங்கூட வயல்லதான் நிக்கேன். கால் பூரா சேறு. கரையேறிப் பேசுதேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். சேற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதை அவராகச் சேர்த்தார்.

பேசியவர் ஆலடிக்கால் கிராம நிர்வாக அலுவலர் ஜெபஸ்டின். அவர் நின்று பேசியதும் அதே வயலில்தான். மார்கழியில் தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு வந்து ஸ்ரீவைகுண்டத்துச் சுற்றுப்பட்டு முழுவதையும் மூழ்கடித்துப் போயிருந்தது. பிசானப் பயிர் மொத்தமும் வண்டலுக்கு அடியில். யார் பயிர் எவ்வளவு போயிற்று என்று நிவாரணத்துக்காகப் பார்த்துப் போக வந்திருந்தார். அவர் பக்கத்தில் நின்றவள் அன்னத்தாய், மாசானத்தின் செத்துப்போன அண்ணன் செல்லப்பாண்டியின் மனைவி. புருஷன் போனதிலிருந்து அந்த வயலை உழுவதும் நடுவதும் அறுப்பதும் அவள்தான். அறுப்பு முடிந்ததும் கொழுந்தனுக்கு உள்ள வாரப் பங்கை அரிசியாக்கி லாரி பார்சலில் தாராவிக்கு அனுப்பிவிடுவாள். ஆனால் பட்டா மாசானம் பெயரில் இருந்தது. நிலத்துக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று ஜெபஸ்டின் சொன்னபோது அவள்தான் நம்பர் கொடுத்தாள். "எங்க கொழுந்தன்தான். கேளுங்க, சொல்லுவாவ" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். ஜெபஸ்டின் ஸ்பீக்கரில் போட்டார்.

இருவரும் நடு வயலில் நின்று மாசானம் அதே வயலில் நிற்பதாகச் சொன்னதைக் கேட்டார்கள். ஜெபஸ்டின் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார். சாய்ந்து கிடந்த வாழைகளுக்குப் பின்னால்கூட ஒரு எட்டு பார்த்தார். அப்புறம் குனிந்து அன்னத்தாயின் கால்களைப் பார்த்தார். அவருடைய பேன்ட் முழங்கால்வரை சேறாகிக் கிடந்தது. அதே வண்டலில் காலையிலிருந்து நின்றிருந்த அன்னத்தாயின் கால்கள் கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவள் கால் மாதிரி துப்புரவாக இருந்தன. இரண்டு கால் விரல்களிலும் மிஞ்சி போட்டிருந்த பழைய தழும்புகூடத் தெரிந்தது. அவர் நேர்மையான மனுஷர்தான். உங்க காலில் சேறே இல்லையே, கண்ணால் பார்த்ததைத்தான் எழுத முடியும் என்றார். நிலத்துக்காரரே பயிர் வைக்கிறார் என்று பதிந்துகொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து அந்த வயல் அன்னத்தாயை ஏற்கவில்லை. அவள் இறங்கினால் அவள் கால் படும் இடம் மட்டும் இறுகி, வழவழவென்று, பாலிஷ் போட்ட தரைபோல ஆகிவிடும். அடுத்தவர்கள் முழங்கால் புதைய வண்டலை வாரிக்கொண்டிருக்கையில் இவள் அதன்மேல் வழுக்கிக்கொண்டு நின்றாள். மண்வெட்டி போட்டால் தீப்பொறி பறந்தது. பக்கத்து வயல்களுக்குக் கூலிக்குப் போனாலும் இதே கதை. காலில் சேறு ஒட்டாத பொம்பளையை நடவுக்கு யார் கூப்பிடுவார்கள்? கார் பருவத்துக்கு நாற்றுப் பாவ இன்னும் சில மாதங்களே இருந்தன. அதற்குள் வயல் அவளைத் திரும்ப உள்ளே விடாவிட்டால் அந்த வருஷம் அவளுக்கு அடுப்பு எரியாது.

இங்கே மாசானத்தின் பாடும் சுகமில்லை. அவர் தொழிலே மார்பிள் தரைக்கு பாலிஷ் போடுவது. மாட்டுங்கா, செம்பூர் பக்கத்து ஃபிளாட்டுகளில் அவர் கை பட்ட தரையில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்பார்கள். சோப்பு போட்டார், மண்ணெண்ணெய் போட்டார், பாலிஷ் மெஷினையே காலில் வைத்துப் பார்த்தார். கழுவக் கழுவ சேறு ஊறியது. சயானில் ஒரு தோல் டாக்டரிடம் போனார். டாக்டர் கையுறை மாட்டி, கிள்ளி, முகர்ந்து பார்த்துவிட்டு, "மிட்டி ஹை பாய், பீமாரி நஹி", வெறும் மண்தான், நோய் இல்லை என்று சொல்லி ஃபீஸையும் வாங்கிக்கொண்டார். பிறகு இரண்டு காலிலும் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு மாட்டுங்காவில் வெங்கடேஸ்வரன் என்பவரின் ஃபிளாட்டுக்கு வேலைக்குப் போனார். பை நிறைந்து வழிந்தது. ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கறுப்புக் காலடிகள். வெங்கடேஸ்வரன் பாங்கில் இருந்து ரிடையர் ஆனவர், மூன்று தலைமுறையாக மாட்டுங்கா. மூக்கைச் சுளித்துக்கொண்டு, "ஏம்ப்பா மாசானம், ஃப்ளோருக்கு பாலிஷ் போட வந்தியா, நாத்து நட வந்தியா?" என்று கேட்டார். மாசானம் அன்று கூலி வாங்காமல் வந்தார். சந்துப் பிள்ளைகள் இந்தியில் படிக்கும் பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் கிசான் என்றால் விவசாயி, வீட்டில் கிசான் என்றால் ஜாம் பாட்டில். சேற்றுக்காலோடு அவர் நடந்துபோனால் 'ஜாம் மாமா, ஜாம் மாமா' என்று பின்னாலேயே ஓடின.

பொய்யை அன்னத்தாய் கேட்டுவிட்டாள் என்பது அவருக்குத் தெரிய ஒரு வாரம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக வரும் அவளுடைய போன் வரவில்லை என்று மாசானத்தின் மனைவி முருகம்மாளே கூப்பிட்டாள். அன்னத்தாய் ஒளிவுமறைவு இல்லாமல் நடந்ததைச் சொன்னாள். முருகம்மாள் போனை வைத்துவிட்டு வந்து புருஷன் எதிரில் நின்றாள். "அந்த ஆபீசர் ஸ்பீக்கர்ல போட்டிருக்காரு. அன்னத்தாய் மைனி பக்கத்துலயே நின்னுருக்காவ" என்றாள். முருகம்மாள் அழுவாள் என்று பார்த்தால் ஆத்திரம்தான் வந்தது அவளுக்கு. "பொய்தான் சொன்னிய, கொஞ்சம் நல்ல இடமாப் பாத்துச் சொல்லக் கூடாதா? கோயில்ல நிக்கேன்னு சொல்லியிருந்தா திருநீறாவது வந்திருக்கும். இத நான் எத்தன வாளி தண்ணில கழுவ? நமக்கு வாரதே அரை மணி நேரத் தண்ணி!" என்று கத்தினாள். மாசானம் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். எங்கள் சந்தில் கோலி என்றால் ஒற்றை அறை வீடு; கோலிக்கும் கோலிக்கும் நடுவே ஒரு தகரம்தான். அன்று சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அவருடைய வெட்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். மாசானம் இங்கே சும்மா பாலிஷ்காரராக இருந்தவர் இல்லை. 'நம்ம வயல்' என்ற வார்த்தை இல்லாமல் அவருக்குப் பேச்சு ஓடாது. கோயில் கூட்டத்தில், டீக்கடையில், மகன் மாரிசெல்வத்துக்குப் பெண் பார்த்த இடத்தில், எங்கும் நம்ம வயல்தான். வாய்க்கால் ஓரம், மூணு போகம் விளையும் என்பார். அரிசி மூட்டை வந்து இறங்கினால் பிரிக்கும்போது சந்தே பார்க்கும்படி வாசலில் வைத்துத்தான் பிரிப்பார். அதைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஆட்கள் நாங்கள். இப்போது அதே வாசலில் சாக்கு விரித்துக் காலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாசியில் நிவாரணப் பணம் அவர் கணக்கில் விழுந்தது. மெசேஜ் வந்த சத்தத்தோடு சேறு முழங்காலுக்கு ஏறியது. அப்போதுதான் அவர் முதல்முறையாக ஜெபஸ்டினைத் தானே கூப்பிட்டார். "சார், நான் மும்பையில இருக்கேன். தாராவியில. அன்னைக்கு சொன்னது பொய்" என்றார். மறுமுனையில் ஜெபஸ்டின் சிரித்தார். "அண்ணாச்சி, பின்னால தவளை கத்துதே! தண்ணி பாயுற சத்தங்கூடக் கேக்குது. வயல்ல நின்னுக்கிட்டு வெளையாடாதீங்க, எனக்கு வேலை கெடக்கு" என்று வைத்துவிட்டார். மாசானம் நின்றது அறுபதடி ரோட்டில், ஆட்டோக்களுக்கு நடுவில். மறுநாள் சயான் ஸ்டேஷனில் ரயில் வந்து நிற்கும் நேரம் பார்த்துக் கூப்பிட்டார். ஜெபஸ்டினுக்குக் கேட்டது கொக்குச் சத்தம். டிராம்பே பக்கம் ஒரு வேலைக்குப் போனபோது லாரி ஹாரனுக்கு எதிரே மொபைலை நீட்டிக்கொண்டு பேசினார். பம்புசெட்டு நன்றாக ஓடுகிறதே என்றார் ஜெபஸ்டின். பச்சைப் பொய் என்று சொல்கிறோமே, இது நிஜமாகவே பச்சை பிடித்துவிட்டது. அதற்கு அப்புறம் சொன்ன உண்மை எதுவும் அதன்மேல் முளைக்கவில்லை.

ஊருக்கே நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று டிக்கெட் எடுத்தார். முந்தின நாள் ரத்து செய்தார். மறுபடி எடுத்தார், மறுபடி ரத்து செய்தார். எந்த முகத்தோடு போய் மைனி முன்னால் நிற்பது? அதற்குப் பதில் நிவாரணப் பணத்தை, ஒரு ரூபாய் குறையாமல், ஊருக்குப் போகிற ஆளிடம் கொடுத்துவிட்டார். அன்னத்தாய் அதைக் கையால் தொடவில்லை. "துட்டுக்கா நான் அழுதேன்? எந்த வாயால சொன்னாவளோ அந்த வாயால மாத்திச் சொல்லச் சொல்லுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

வைகாசி பிறந்ததும் அவளே கிளம்பி வந்தாள். அவள் பம்பாய் பார்த்ததில்லை. நாகர்கோவில் ரயிலில் தாதரில் இறங்கியவளை மாரிசெல்வம் போய்க் கூட்டிவந்தான். சந்துக்குள் அவள் நடந்து வந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். தண்ணீர் வரும் நேரம் அது. குழாயடியிலிருந்து சாக்கடைவரை சளசளவென்று கிடக்கும். அதில் செருப்பில்லாமல் மிதித்து வந்த அவள் காலில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. மாசானம் கோலிக்குள் மூலையில், முழங்காலுக்குக் கீழே கறுப்பாக, உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்க முயன்று முடியாமல் மறுபடி உட்கார்ந்தார். முருகம்மாள் கொடுத்த தண்ணீரை அன்னத்தாய் குடித்தாள். கொழுந்தன் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அது தன்னுடைய சேறு என்பது அவளுக்குத் தெரிந்தது.

"நாத்துப் பாவ நாள் வந்தாச்சு தம்பி. என்னால வயல்ல நிக்க முடியல, வழுக்குது" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரைக் கொன்றது. "நீங்க ஒரு வார்த்த பேசுங்க. அதுக்குத்தான் வந்தேன்."

"பேசிட்டேன் மைனி. கேக்க மாட்டேங்காரு. தவளை கத்துதுன்னு சொல்லுதாரு."

"அப்பா, வீடியோ கால் போடுங்க. மூஞ்சியப் பாத்தா நம்புவாரு" என்றான் மாரிசெல்வம். போட்டுக் கொடுத்தான். வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் நிற்கச் சொன்னான். சந்தே கூடிவிட்டது. நாகராஜ் பிரஷ்ஷோடு வந்து நின்றார். மொபைலில் ஜெபஸ்டின் முகம் தெரிந்தது. மூலையில் சின்னக் கட்டத்தில் மாசானம் தெரிந்தார். அவருக்குப் பின்னால் நாங்கள் இல்லை. நீல டிரம்கள் இல்லை, தகரம் இல்லை, துணி காயும் கொடி இல்லை. பச்சைப் பயிர் காற்றில் சாய்ந்துகொண்டிருந்தது. மாரிசெல்வம் திரும்பிப் பின்னால் பார்த்தான், மறுபடி மொபைலைப் பார்த்தான். "க்யா லஃப்டா ஹை யார், என்ன கூத்து இது" என்று முணுமுணுத்தான்.

"அட, பயிர் நல்லாத்தான் நிக்கி" என்றார் ஜெபஸ்டின். "என்ன அண்ணாச்சி விஷயம்?"

"நான் மும்பையில நிக்கேன் சார்."

ஜெபஸ்டின் இந்தத் தடவை சிரிக்கவில்லை. பொறுமை போய்விட்டது அவருக்கு. "சரி, அந்த வயல்லதான நிக்கீரு, ஒண்ணு சொல்லும். வாய்க்கால் ஒமக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

எத்தனையோ வருஷம் வாய்க்கால் ஓரம், வாய்க்கால் ஓரம் என்று எங்களிடம் அளந்த மனுஷர். நாங்கள் அவர் வாயையே பார்த்தோம். அவர் அன்னத்தாயைப் பார்த்தார். அவள் கண்ணைக் காட்டியிருந்தால் கிழக்கு என்றோ மேற்கு என்றோ சொல்லியிருப்பார். அவள் காட்டவில்லை. மாசானம் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். உதடு கோணிக்கொண்டு போயிற்று.

"தெரியாது சார்" என்றார். "எனக்குத் தெரியாது. சின்னப் பையனா இங்கன வந்தவன். ஊருக்கு வந்தாலும் கோயில் கொடைக்கு வருவேன், ரெண்டு நாள் இருப்பேன், போயிருவேன். அந்த வயல்ல நான் எறங்குனதே கெடையாது. அது எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது. தெரியுற மாதிரி இவ்வளவு பேர்ட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன். பயிர் வைக்கது எங்க மைனி. எங்க அண்ணன் போனதுலருந்து அவியதான். நான் வெறும் சோத்தத் தின்னவன் சார்."

சொல்லச் சொல்ல அந்தச் சின்னக் கட்டத்தில் பயிர் மங்கியது. முதலில் ஒரு நீல டிரம் தெரிந்தது. அப்புறம் குழாய், தகரம், கொடியில் முருகம்மாளின் நைட்டி. கடைசியாக நாகராஜ், வாயில் நுரையோடு. ஜெபஸ்டின் மொபைலைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோவது எங்களுக்குத் தெரிந்தது. "யாரு வே அது பல்லு வெளக்குறது?" என்று கேட்டார். அந்த நேரத்தில் எங்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. நாகராஜ் பிரஷ்ஷை எடுத்துவிட்டு, "வணக்கம் சார், தாராவி" என்றார். அவர் மொபைலில் சொன்ன முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

நின்ற இடத்திலேயே அன்னத்தாயின் காலில் சேறு ஏறியது. பாதம், கணுக்கால், பிறகு கெண்டைக்கால்வரை, கறுப்பாக, நெல்தாள் வாடையோடு. அவள் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தாள். அழவே அழாத பொம்பளை, சந்தின் நடுவில் உட்கார்ந்து அழுதாள். முருகம்மாள் ஒரு வாளி தண்ணீரை முழுசாக எடுத்துவந்து அவள் காலில் ஊற்றினாள். ஊற்றியதும் சேறு போய்விட்டது, எங்கேயும் சேறு போகிற மாதிரி. மாசானம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

ஜெபஸ்டின், மாசானம் சொன்னபடியே மாற்றி எழுதினார். மாசானம் திருப்பிக் கட்டிய நிவாரணம் ஆடியில் அன்னத்தாய் பெயருக்கே போய்ச் சேர்ந்தது. அதற்குள் அவள் கார் நடவை முடித்திருந்தாள். வயல் அவளை முழங்கால்வரை உள்ளே வாங்கிக்கொண்டது. கிசான் பணம் வேறு சமாசாரம். அதற்குப் பட்டாதான் கணக்கு, உழுகிறவர் யாரென்பது கணக்கில்லை, அதைத் திருத்தத் தனக்கு அதிகாரம் கிடையாது என்று ஜெபஸ்டின் சொல்லிவிட்டார். ஆகவே அது இன்னும் மாசானத்துக்கே வருகிறது. வந்த அன்றைக்கே விதைக்கும் உரத்துக்கும் என்று ஊருக்கு அனுப்பிவிடுகிறார். அன்னத்தாய் இப்போது வாங்கிக்கொள்கிறாள். சேறும் அவரை முழுசாக விடவில்லை. கணுக்காலுக்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. ஊரில் தண்ணீர் பாய்ச்சினால் ஈரமாகிறது, வெயில் அடித்தால் வெடிக்கிறது. நடவு நாட்களில் முருகம்மாள் வாசலில் இரண்டு சாக்காக விரிக்கிறாள். அவர் பாலிஷ் போடப் போகுமிடங்களில் மாரிசெல்வம் தரையில் கால் வைக்கிறான், அவர் ஸ்டூலில் உட்கார்ந்து இங்கே, அங்கே என்று சொல்கிறார். வெங்கடேஸ்வரன்கூட ஒருநாள், ஒரு தொட்டிக்குப் போதுமான மண் கிடைக்குமா என்று கேட்டு வாங்கிப்போனார். பிள்ளைகள் ஜாம் மாமா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். பழகிப்போயிற்று. 'நம்ம வயல்' என்ற வார்த்தை மட்டும் மாசானம் வாயிலிருந்து அப்புறம் வரவில்லை.

போன ஐப்பசியில் அவருடைய இடதுகால் பெருவிரல் இடுக்கில் ஒற்றை நெல்நாற்று முளைத்தது. வேலைக்குக் கிளம்பியவர் அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பிய்த்துப் போட மனசு வரவில்லை. வேரோடு மெதுவாக எடுத்தார். காலி பாலிஷ் டப்பா ஒன்றில் காலிலிருந்தே சேற்றை வழித்துப் போட்டார். நாற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, எந்த ஆழத்துக்கு வைப்பது, எப்படி வைப்பது என்று தெரியாமல் சற்று நேரம் விழித்தார். ஐம்பது வருஷமாக அந்த நெல்லைத் தின்ற மனுஷர். பிறகு வெட்கத்தை விட்டு மொபைலை எடுத்தார்.

"எங்க இருக்கிய தம்பி?" என்றாள் அன்னத்தாய்.

"வீட்டு வாசல்ல மைனி. தாராவியில. ஒரு நாத்து மொளச்சிருக்கு. இத எப்படி நடது?"

அவள் சிரித்தாள். செல்லப்பாண்டி போனதிலிருந்து அவள் சிரித்து அவர் கேட்டதில்லை.

"வேரு கீழ இருக்கணும் தம்பி" என்றாள். அவள் குரலுக்குப் பின்னால் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன.